‘இருக்கட்டும்’ என்ற சொல்லும் ஒரு குழந்தை மருத்துவ இடமும்

இக்கட்டுரையில் நான் நேரில் கண்டவையும், என் காதால் கேட்டவையும், பிறகு உரியவரிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொண்டவையும் மட்டுமே இடம்பெறும். இதனை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. மருத்துவர்களுக்கு மேற்படிப்பு இடங்களை ஒதுக்கும் அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். எங்கள் அலுவலக வாயிலுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை இருந்தது. உள்ளே நாங்கள் ஒதுக்கிய இடங்களைவிட அந்தக் கடையில் ஒதுக்கப்பட்ட இடங்கள் அதிகம். “ஸ்கின் முடிஞ்சுபோச்சாம்” என்று அங்கே யாரோ தேநீரை ஆற்றிக்கொண்டே சொல்ல, தோல் மருத்துவம் படிக்க வந்த ஓர் இளைஞர் அதை நம்பிப் பெட்டியோடு ஊருக்குப் பேருந்தேறிவிட்டார். உள்ளே அந்த இடங்களை யாரும் தொடக்கூட இல்லை. அவருடைய நண்பர் ஓடிப்போய் அவரைப் பேருந்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்தார். மூச்சிரைக்க வந்து நின்ற அவரைப் பார்த்த அன்றே, சரிபாராத செய்தி எதையும் எழுத்தில் வைப்பதில்லை என்று முடிவுசெய்தேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றவை நடந்தவாறே வரும்.

எழுதத் தூண்டியவள் என் தம்பி மகள் கோமதி. பயிற்சி மருத்துவராக இருக்கிறாள். மேற்படிப்புக்கான விருப்ப வரிசையைப் பதிவுசெய்ய விடுப்பெடுத்துச் சங்கரன்கோவிலுக்கு வந்திருந்தாள். இப்போதெல்லாம் எந்தக் கல்லூரியில் எந்தத் துறை முதலில், எது அடுத்து என்று வீட்டிலிருந்தபடியே கணினியில் அடுக்கிப் பூட்டிவிட்டால் போதும். தரவரிசையையும் விருப்பத்தையும் பொருத்தி இயந்திரமே இடம் ஒதுக்கிவிடுகிறது. அவள் தோசையைப் பிட்டுக்கொண்டே மதுரையை மேலே ஏற்றினாள். சட்னி தொட்டுக்கொண்டு தஞ்சாவூரைக் கீழே இறக்கினாள். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“பெரியப்பா, ஒங்க காலத்துல இதுக்கு மெட்ராசுக்கே போணுமாம்லா? அங்கன போயி என்ன செய்வாவ?”

“வாயத் தொறந்து சொல்லணும்.”

“எத?”

“எந்தச் சீட்டு வேணும்னு.”

“அம்புட்டுத்தானா? அதுக்கா ஒரு ஆபீசு, அதுல நீங்க ஒரு ஆபீசரு!”

வாயைத் திறந்து சொல்வது அவ்வளவு எளிதன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். கேட்டு முடித்தவள், “இத ஒழுங்கா எழுதி வைங்க. இல்லன்னா நானே ரீல்ஸ் போட்டுருவேன்” என்றாள். அந்த அச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் முதுகலை முடித்து ஆசிரியர் பணிக்குக் காத்திருந்தபோது, அரசுத் தேர்வு என்னை இளநிலை உதவியாளனாக்கிச் சென்னைக்கு அனுப்பியது. தொடக்க ஆண்டுகள் சான்றிதழ்களின் நகலையும் மூலத்தையும் ஒப்பிடுவதிலேயே கழிந்தன. அவற்றில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. என் பணிவாழ்க்கை உண்மையில் தொடங்கியது ஒரு ழகரத்தால். கலந்தாய்வில் பெயரழைத்துக்கொண்டிருந்த ஊழியர் ஒருநாள் ‘யாழினி’ என்பதை ‘ஏலினி’ என்று ஒலித்தார். யாழினி எழுந்திருக்கவில்லை. மூன்று முறை அழைத்தும் வராதவர் அந்தச் சுற்றை இழப்பார் என்பது விதி. இரண்டாம் அழைப்பு முடிந்த நிலையில், பின்னால் கோப்போடு நின்ற நான் என்னையும் அறியாமல் “யாழினி” என்றேன். முதல் வரிசையிலிருந்த ஒரு பெண் துள்ளி எழுந்தார். அன்று மாலையே ஒலிவாங்கி என் கைக்கு வந்துவிட்டது.

அதைக் கொடுத்தவர் எங்கள் செயலர் டாக்டர் அருளப்பன். அறுவை மருத்துவராக நெடுங்காலம் இருந்து நிருவாகத்துக்கு வந்தவர். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கலந்தாய்வு நாள்களில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நடந்துகொண்டே இருப்பார். தயங்கித் தயங்கி வருகிற மருத்துவர்களைப் பார்த்து, “உக்காருங்க. ஊசி போடப் போறதில்ல” என்பார். ஆண்டுதோறும் சொன்ன அதே வாக்கியம்தான், ஆண்டுதோறும் சிரித்தார்கள். ஊழியர்களாகிய எங்களுக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: எந்த இடம் நல்லது என்று வாயாலும் சொல்லக்கூடாது, முகத்தாலும் சொல்லக்கூடாது. ஒருவர் எலும்பியலைத் தேர்ந்தபோது என் புருவம் உயர்ந்துவிட்டதாம். அருகில் வந்து மெல்லக் கேட்டார். “புருவத்துக்கு என்னய்யா உடம்பு சரியில்லையா?” அதன்பிறகு கலந்தாய்வுக் கூடத்தில் என் புருவங்கள் பணியில் இல்லை.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன், இனி யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. கூடத்தின் முகப்பில் ஒரு பெரிய திரை. அதில் கல்லூரிவாரியாகத் துறைகளும், ஒவ்வொன்றிலும் எஞ்சியுள்ள இடங்களும் தெரியும். தரவரிசைப்படி நான் பெயரழைப்பேன். அழைக்கப்பட்டவர் மேடைக்கு வந்து கணினி இயக்குபவரின் எதிரில் அமர்ந்து விருப்பத்தைச் சொல்வார். இயக்குபவர் அதைத் திரும்பச் சொல்லிக் கேட்பார். அப்போது மனம் மாறி வேண்டாமென்பவர்களும் உண்டு. ஒப்புக்கொண்டவர் வலப்பக்க மேசைக்குப் போய் ஒதுக்கீட்டு ஆணையில் கையெழுத்திடுவார். வேண்டாமென்றவர் இடப்பக்க மேசைக்குப் போய் மறுப்புச் சீட்டில் கையெழுத்திட்டுவிட்டு வெளியேறுவார். காலம் வீணாகாதிருக்க, முன்னவர் மேசைக்கு நடக்கும்போதே அடுத்தவரை அழைத்துவிடுவோம். ஒவ்வொரு தேர்வுக்கும் திரையில் ஓர் எண் குறையும். கதிரியக்கவியலில் கடைசி இடம் மறையும்போது கூடத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழும். மறுகணமே, “சரி விடு, எக்ஸ்ரே பாத்துக்கிட்டு இருட்டுல உக்கார வேண்டாம்” என்று யாராவது சொல்ல, எல்லாரும் சிரிப்பார்கள். இளம் மருத்துவர்கள் ஏமாற்றத்தையும் கும்பலாகத்தான் அனுபவித்தார்கள். அதனால் அது பாதியாகிவிட்டது.

இனி அந்த நிகழ்ச்சி.

அன்று காலை சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் நானும் இருந்தேன். டாக்டர் பாத்திமா என்னும் இளம்பெண் வந்தார். முகவரியில் கடையநல்லூர் என்றிருந்தது.

“கடையநல்லூரா? நான் சங்கரன்கோவில்லா.”

“அப்படியா அண்ணாச்சி! இங்கன நம்ம பேச்சக் கேட்டு ரெண்டு நாளாச்சு” என்று மலர்ந்தவர், நான் கேளாமலேயே தம் நிலையைச் சொன்னார். “நெல்லையில கொழந்தை மருத்துவம் கெடச்சாத்தான் எனக்குப் படிப்பு. வேற ஊருன்னா வேண்டாம்னு வீட்ல முடிவாச் சொல்லிட்டாவ. புள்ள இன்னும் பால்குடி மறக்கல. மாப்பிள்ள துபாய்ல இருக்காவ. நெல்லைன்னா உம்மாட்ட விட்டுட்டு பஸ்ஸுல வந்துபோயிருவேன். வாப்பா வெளிய பந்தல்ல நிக்காவ, என்னயவிட அவுகளுக்குத்தான் பதட்டம்.”

நான் முகத்தைத் துடைத்துவைத்த பலகைபோல் வைத்துக்கொண்டு சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுத்தேன். புருவம் அசையவில்லை.

பிற்பகலில் அவருடைய முறை நெருங்கியது. நெல்லையில் குழந்தை மருத்துவத்துக்கு எஞ்சியிருந்தது ஒரே இடம். அவருக்கு முன்னிருந்த மூவரை ஒவ்வொருவராக அழைத்தேன். ஒருவர் கண் மருத்துவம் கேட்டார். ஒருவர் மயக்கவியல். மூன்றாமவர் திரையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திமா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். மூன்றாமவர் கடைசியில் சென்னையில் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டு எழுந்தார். திரையில் நெல்லை அப்படியே இருந்தது. அடுத்த பெயரை அழைத்தபோது என் குரல் சற்று உயர்ந்திருந்தால் அதற்கு ஒலிவாங்கியே பொறுப்பு.

கணினியில் இருந்தவர் தணிகைவேல். ஆரணிப் பக்கத்துக்காரர், விரைவாகவும் பிழையின்றியும் வேலை செய்பவர். பாத்திமா துறையையும் ஊரையும் சொன்னார். தணிகைவேல் கேட்டார்: “பீடியாட்ரிக்ஸ், திருநெல்வேலி. ஒண்ணுதான் கீது. வச்சிக்கிறீங்களாம்மா?”

பாத்திமா, “இருக்கட்டும் சார்” என்றார்.

தணிகைவேல் விசையை அழுத்தினார். பாத்திமா எழுந்து, சிரித்த முகத்தோடு வலப்பக்க மேசையை நோக்கி நடந்தார். கணினி அடுத்தவரைக் கேட்டது, நான் அழைத்தேன். டாக்டர் செந்தில்குமார் என்ற இளைஞர் வந்து அமர்ந்தார். பேச்சிலிருந்து கொங்கு நாட்டவர் என்று தெரிந்தது. திரையை நிமிர்ந்து பார்த்தவர் வியப்போடு, “ஏனுங், திருநெல்வேலி பீடியாட்ரிக்ஸ் இன்னும் இருக்குதுங்களா? எனக்கு அதையே போட்ருங்க” என்றார். தணிகைவேல் போட்டார். அப்போதுதான் திரையில் அந்த எண் மறைந்தது. ஒரே இடத்தை இருவர் எப்படிக் கேட்கிறார்கள் என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோதே, வலப்பக்க மேசையில் அச்சுப்பொறி ஓர் ஆணையைத் துப்பியது. பாத்திமா ஆவலோடு அதை எடுத்துப் பார்த்தார்.

“சார், இதுல செந்தில்குமார்னுல்லா போட்டிருக்கு! எம் பேரு எங்க?”

தணிகைவேல் திரும்பிப் பார்த்தார். “நீங்கதான் வேணாம்னு சொல்ட்டீங்களேம்மா.”

“நானா? நான் எப்பம் வேண்டாம்னேன்?”

“‘இருக்கட்டும்’னீங்களே.”

“ஆமா, இருக்கட்டும்னேன். இருக்கட்டும்னா எனக்கு இருக்கட்டும்னுதான் அர்த்தம்! வேண்டாம்னா வேண்டாம்னுல்லா சொல்லுவேன்!”

செயலர் சுவரோரத்திலிருந்து வந்தார். “மைக்க அமத்துங்க” என்றார். அமர்த்தினேன்.

செயலர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. நோயாளியின் வயிற்றை அழுத்தி எங்கே வலிக்கிறது என்று கேட்பவரைப்போல, ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டார்: என்ன சொல் சொல்லப்பட்டது? மூவரும் ‘இருக்கட்டும்’ என்றுதான் சொன்னோம். சொல்லில் ஐயமில்லை, பொருளில்தான் ஐயம். அவர் என்னைப் பார்த்தார்.

“ஏன்யா, தமிழ் எம்.ஏ., இருக்கட்டும்னா இருக்கணுமா, இருக்கக்கூடாதா?”

அன்று நான் கூறிய விளக்கத்தைச் சுருக்கித் தருகிறேன். ‘இருக்கட்டும்’ என்பது இசைவைக் காட்டும் வினை. எது இருக்க வேண்டும் என்பதை நாம் சொல்கிறோம். எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். ‘என்னிடமே இருக்கட்டும்’ என்றால் ஏற்பு. ‘அங்கேயே இருக்கட்டும்’ என்றால் மறுப்பு. துணிக்கடையில் புடவையை விரித்து, “இத வச்சுக்கிடுதியளா?” என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பெண்கள் ‘இருக்கட்டும்’ என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். பந்தியில் இன்னும் இரண்டு இட்லி வைக்க வந்தால், அதே பெண்கள் அதே ‘இருக்கட்டும்’ சொல்லி இலையின்மேல் கையை நீட்டுவார்கள்.

தணிகைவேல் விடவில்லை. “சார், காலைல இவுருக்கு நான் காபி ஊத்தட்டுமான்னு கேட்டேன். ‘இருக்கட்டும்’னாரு. பிளாஸ்க்க மூடிட்டேன். இவுரும் அந்த ஊருதான். அப்போ வேணாம்னுதானே அர்த்தம்?”

கூடம் முழுதும் என்னைப் பார்த்தது. உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. “சார், எனக்குக் காபி வேண்டியிருந்தது. எங்க பக்கத்துல மொத தடவை கேட்டா ‘இருக்கட்டும்’னு சொல்லுறது மரியாதை. ரெண்டாவது தடவை கேக்குறது கேக்குறவங்க பொறுப்பு. இவர் கேக்கல.”

முதன்முறையாக அந்தக் கூடத்தில் செயலர் வாய்விட்டுச் சிரித்தார். மருத்துவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாத்திமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கையில் இன்னும் அந்த ஆணை இருந்தது. அதில் இன்னொருவர் பெயர் இருந்தது.

நான் மேலும் ஒன்று சொன்னேன்: “அவங்க மறுப்பு மேசைக்குப் போகல சார். ஆணை மேசைக்குத்தான் போனாங்க.”

“அது நல்ல பாயிண்ட். ஆனா நீங்க அந்த ஊர்க்காரர். உங்க சாட்சிய வச்சு நான் தீர்ப்புச் சொன்னா, நாளைக்கு எதிர்க் கடையில என்ன பேசுவாங்க?” என்றார் செயலர். பிறகு, மேடையில் அமர்ந்திருந்த செந்தில்குமாரின் பக்கம் திரும்பினார். அவர் அந்த இடத்தைப் பெற்றவர். இன்னும் கையெழுத்திடவில்லை. “டாக்டர், உங்க ஊர்ல ‘இருக்கட்டும்’னா என்ன?”

அந்த இளைஞர் எழுந்து நின்றார். “எங்கூர்ல ‘இருக்கட்டுமுங்க’ன்னா வேண்டாமுங்கறதுதானுங்க” என்றார்.

பாத்திமாவின் முகம் வாடியது. செயலர் தலையசைத்தார். அவர் அடுத்துப் பேசுவதற்குள் செந்தில்குமாரே தொடர்ந்தார்.

“ஆனா சார், இந்த டாக்டரம்மா எந்திரிச்சு எனக்கு எதிர்லதான் வந்தாங்க. மொகமெல்லாஞ் சிரிப்புங்க. நேரா அந்த ஆணை மேசைக்குத்தான் போனாங்க, நா பாத்தனுங்க. வேண்டாம்னவங்க அப்படிச் சிரிச்சுட்டுப் போவாங்களா? அவங்க எடுத்துக்கிட்டாங்கன்னுதான் நானே நெனச்சேன். அதுதான் இன்னும் இருக்குதான்னு ஆச்சரியப்பட்டுக் கேட்டனுங்க.”

தம் கைக்கு வந்துவிட்ட இடத்தைப் பற்றி, அதைத் தம்மிடமிருந்து எடுத்துவிடக்கூடிய சாட்சியத்தை, யாரும் கேளாமலேயே அவர் சொல்லியிருந்தார். அவருக்கு அது தெரியாமலில்லை. சொன்னபின் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

செயலர் விதித்தொகுப்பைக் கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்த ஒரு வரியை எனக்குக் காட்டி உரக்கப் படிக்கச் சொன்னார். மறுப்பு, மறுப்பவரின் கையெழுத்தால் மட்டுமே நிறைவுபெறும் என்பது அந்த வரி. பாத்திமா எதிலும் கையெழுத்திடவில்லை. ஆகவே அவர் மறுக்கவில்லை. மறுக்காதவருடைய முறை முடியவில்லை. முடியாத முறைக்கு இடையில் அழைக்கப்பட்டவர் மீண்டும் அழைக்கப்பட வேண்டும். விசையை அழுத்தியதும் வேண்டாமென்று ஆகிவிட்டதாக நாங்கள் எல்லாரும் பழகிப்போயிருந்தோம். விதி அப்படிச் சொல்லவேயில்லை.

“தணிகை, ரெண்டையும் திருப்பு. அந்தம்மாவ மறுபடியும் கேளு. இந்தத் தடவை ரெண்டு தடவை கேளு” என்றார் செயலர்.

பாத்திமா மறுபடியும் வந்து அமர்ந்தார். தணிகைவேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “பீடியாட்ரிக்ஸ், திருநெல்வேலி. வேணுமாம்மா?”

“வேணும்! வேணும்! எனக்கே வேணும்! வேற யாருக்கும் குடுக்காதீங்க!”

“ரெண்டாவது தடவை கேக்கச் சொல்லிக்கீறாரு. வேணுமா?”

“இன்னும் பத்து தடவை கேட்டாலும் வேணும்!”

கூடம் கைதட்டியது. கலந்தாய்வுக் கூடத்தில் கைதட்டல் கூடாது என்பதும் விதிதான். செயலர் அப்போது சுவர்க் கடிகாரத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் செந்தில்குமாரை மீண்டும் முறைப்படி பெயர்சொல்லி அழைத்தேன். மேடையிலேயே நின்றுகொண்டிருந்தவர் “வந்துட்டனுங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். திரையைச் சிறிது நேரம் பார்த்தார். “கோயம்புத்தூர்ல மயக்கவியல் இருக்குதுங்களே, அதப் போட்ருங்க. வீட்டுக்குப் பக்கம்” என்றார். தணிகைவேல், “வச்சிக்கிறீங்களா?” என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். செந்தில்குமார் பாத்திமாவைத் திரும்பிப் பார்த்து, “இருக்கட்டுமுங்க” என்றார். இப்போது பாத்திமாவும் சிரித்தார்.

பாத்திமா கையெழுத்திட்டு வெளியே போனபோது, நான் தண்ணீர் குடிக்கும் சாக்கில் வாயில்வரை போனேன். வெளிப் பந்தலில் அவருடைய தந்தை ஓடிவந்தார்.

“என்ன மக்கா, கெடச்சுதா?”

“கெடச்சுது, போச்சு, திரும்பக் கெடச்சுது வாப்பா!”

“ஏட்டி, ஒழுங்காச் சொல்லுட்டி. கெடச்சுதா இல்லியா?”

“கெடச்சுது!”

அவர் பந்தலிலிருந்த முன்பின் அறியாதவர்களையெல்லாம் எதிர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். தேநீருக்கு யார் ‘இருக்கட்டும்’ என்றாலும் அந்தச் சொல்லை அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

அன்று மாலை செயலர் என்னை அழைத்தார். ஏற்புக்கும் மறுப்புக்கும் ஐயமற்ற இரண்டு சொற்கள் வேண்டும் என்றார். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்றேன். அவர் கூடத்தின் கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டு என்னை ஒலிவாங்கியில் சொல்லச் சொன்னார். முன்பாதி ஒன்றாகவே இருப்பதால் கடைசி அசை தேய்ந்தால் வேறுபாடு தெரியவில்லை. ‘ஏற்கிறேன்’, ‘ஏற்கவில்லை’ என்றேன். அதற்கும் அதே குறை. ‘சம்மதம்’ என்றதற்கு, “கல்யாணமாய்யா நடத்துறோம்?” என்றார். இறுதியில் ‘எடுக்கிறேன்’, ‘விடுகிறேன்’ என்ற இரண்டு சொற்கள் நின்றன. மறுநாள் முதல் ஒவ்வொருவரும் அவற்றுள் ஒன்றைத் தம் வாயால் சொல்ல வேண்டும். மறுப்பவர் கையெழுத்திட்ட பின்னரே அடுத்தவர் அழைக்கப்படுவார். என் பரிந்துரையில் அரசு அலுவலகம் ஒன்று ஏற்றுக்கொண்ட சொற்கள் அவை இரண்டுதான். கலந்தாய்வு கணினிக்கு மாறும்வரை அவை வழக்கில் இருந்தன. தென்பக்கத்துப் பிள்ளைகள் ‘எடுக்கேன்’ என்றார்கள். கொங்குப் பிள்ளைகள் ‘எடுத்துக்கறனுங்க’ என்றார்கள். பொருள் மட்டும் ஒருநாளும் மாறவில்லை.

தணிகைவேல் அதன்பிறகு எனக்குக் காபியை இரண்டு முறை கேட்டே ஊற்றினார்.

டாக்டர் பாத்திமா குழந்தை மருத்துவராகி இப்போது எங்கள் பக்கத்திலேயே பணிபுரிகிறார். காய்ச்சல் கண்ட குழந்தையோடு கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் அவரிடம் பேருந்தேறி வருகிறார்கள். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். இக்கட்டுரையில் அவரைப் பற்றியுள்ளவற்றை அவரிடமே படித்துக்காட்டினேன். தாம் அன்று பத்து தடவை என்று சொல்லவில்லை, நூறு தடவை என்றே சொன்னதாகச் சொல்கிறார். எனக்குப் பத்து என்றே நினைவு. மற்றவை சரி என்றார். அன்று பால்குடி மறக்காதிருந்த அந்தக் குழந்தை இப்போது ஊர்தி ஓட்ட உரிமம் வாங்கிவிட்டதாம்.

படித்து முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான். “அண்ணாச்சி, அந்தக் கோயம்புத்தூர் டாக்டர் இப்பம் எங்க இருக்காருன்னு தெரியுமா? அன்னைக்கு இருந்த சந்தோசத்துல ஒரு வார்த்தை சொல்லாம வந்துட்டேன்.”

எனக்குத் தெரியாது. அவருக்கு மயக்கவியல் ஒதுக்கப்பட்டது என்பதுவரை ஆணையில் பார்த்தேன். படித்து முடித்தாரா, எங்கே பணிபுரிகிறார் என்பன என் பணியெல்லைக்கு வெளியே இருந்தன. அன்று குழந்தை மருத்துவத்தை அவர் உண்மையிலேயே எவ்வளவு விரும்பினார் என்பதையும் யாரும் கேட்கவில்லை. கோயம்புத்தூர் வீட்டுக்குப் பக்கம் என்று அவர் சொன்னது உண்மையா, அல்லது எதிரில் நின்ற ஒரு தாய் உறுத்தலின்றி வீட்டுக்குப் போகட்டும் என்பதற்காகச் சொன்னதா என்பதும் தெரியாது.